முதுகை வரைந்த வாத்தியார்

தனுஷ்கோடியில் கரைவலை இழுக்கிற நேரத்தில் ரோட்டிலிருந்து மணலில் இறங்கி நின்றால் முதலில் கண்ணில் படுவது முதுகுகள்தான். இழுக்கிறவர்கள் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். குதிகாலை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கு வாங்குகிறார்கள். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் பாசி எடுக்கும்போது கண்ணாடி போட்ட முகம் தண்ணீருக்குள் இருக்கும். வெளியே தெரிவது முதுகு மட்டும். வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு வாருகிறவரும் குனிந்தபடியே இருக்கிறார். வேலை நடக்கும்போது இந்தக் கரையில் முகம் பார்க்கக் கிடைப்பதில்லை.

இங்கே தீட்டப்படும் படங்களோ வேறு மாதிரி. லாட்ஜ் வரவேற்பறையில் தொங்குவதும் பள்ளிக் கண்காட்சியில் பரிசு வாங்குவதும் பெரும்பாலும் பாம்பன் பாலம். இல்லாவிட்டால் சுருக்கம் விழுந்த ஒரு மீனவப் பெரியவரின் முகம், கேமராவைப் பார்க்கிற பார்வையோடு. வேலையைத் தீட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்குக் கைகொடுக்கக்கூடிய ஆள், கடலுக்கே சம்பந்தமில்லாத பனி தேசத்தில் இருந்தார். வசீலி பெரோவ். மாஸ்கோவில் ஓவிய வாத்தியார். முகத்தைக் காட்டாமல் ஒரு மனுஷியின் மொத்த நிலைமையையும் சொல்ல முடியும் என்பதை 45 சென்டிமீட்டர் உயரத் துணியில் செய்து காட்டியவர்.

அவர் பிறந்தது சைபீரியாவின் தொபோல்ஸ்க் ஊரில். பழைய ரஷ்ய நாள்காட்டிப்படி 1833 டிசம்பர், புதியதன்படி 1834 ஜனவரி. அப்பா பாரன் கிரிதெனர், அரசு வழக்கறிஞர். பெற்றோர் சட்டப்படி கல்யாணம் ஆகும் முன் பிறந்தவர் என்பதால் அப்பாவின் குடும்பப் பெயர் கிடைக்கவில்லை. 'பெரோவ்' என்பது எழுத்துச் சொல்லிக்கொடுத்த தேவாலய ஊழியர் வைத்த பட்டப்பெயர். 'பெரோ' என்றால் ரஷ்ய மொழியில் இறகுப் பேனா. கையெழுத்து அவ்வளவு அழகாம். அர்சமாஸ் ஊரில் ஸ்தூப்பின் நடத்திய ஓவியப் பள்ளியில் கொஞ்ச காலம், 1853 முதல் மாஸ்கோ ஓவிய, சிற்ப, கட்டடக்கலைப் பள்ளியில். மாஸ்கோவில் தங்க இடமில்லாமல் படிப்பை விடும் நிலை வந்தபோது வசீலியேவ் என்ற ஆசிரியர் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார்.

1861-இல் 'ஈஸ்டர் ஊர்வலம்'. கிராமத்தில் திருவிழா ஊர்வலம் போகிறது. குருவானவர் உட்பட எல்லாரும் குடித்திருக்கிறார்கள். தலைகீழாகப் பிடித்த சாமிப் படத்தோடு ஒருவர் தள்ளாடுகிறார். கண்காட்சியிலிருந்து படத்தை இறக்கினார்கள், அச்சடிக்கவும் தடை. மாஸ்கோ வியாபாரி பாவெல் திரெத்தியாகோவ் அதை விலைக்கு வாங்கினார். அதே வருஷம் இன்னொரு படத்துக்குத் தங்கப் பதக்கமும் வெளிநாட்டில் படிக்க உதவித்தொகையும் கிடைத்தன. பாரிஸ் போனார். தெருவில் குப்பை பொறுக்குகிறவர்கள், பொம்மை விற்கிறவர்கள் என்று வரைந்து பார்த்தார். அந்த ஊர் ஜனங்களின் மொழியும் குணமும் தெரியாமல் அவர்களைத் தீட்ட முடியவில்லை என்று எழுதிக் கேட்டு, தவணை முடியுமுன்பே 1864-இல் திரும்பிவிட்டார். உதவித்தொகையை விட்டுவிட்டு ஊருக்கு வருவது சாதாரண முடிவு இல்லை. திரும்பி வந்த அடுத்த ஐந்து வருஷத்தில்தான் அவருடைய நல்ல படங்களில் பல வந்தன.

அதில் முதலாவது 1865-இல் வந்த 'இறந்தவரை வழியனுப்புதல்'. துணி அளவு 45.3க்கு 57 சென்டிமீட்டர். நம் கடையில் வாங்கும் 18க்கு 24 அங்குலத் துணியைவிடக் கொஞ்சம் சிறியது. ஒற்றைக் குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டி, அதில் கயிறு போட்டுக் கட்டிய சவப்பெட்டி. முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறவள் இறந்தவனின் மனைவி. நமக்கு முதுகு காட்டி இருக்கிறாள். பெட்டியின் இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள். பெண் பிள்ளை பெட்டியை அணைத்துப் பிடித்திருக்கிறது. பையன் அப்பாவின் பெரிய தொப்பிக்குள் புதைந்து தூக்கக் கலக்கத்தில் இருக்கிறான். பக்கத்தில் நாய். ஊர்க்காரர் ஒருவர்கூட வரவில்லை.

அந்த முதுகை எப்படி வேலை செய்ய வைத்தார் என்பதைத் தனித்தனியாகப் பார்க்கலாம். வண்டி மேட்டில் ஏறுகிறது. குதிரையின் தலை தொங்கியிருக்கிறது. குதிரை முதுகின் வளைவும் பெண்ணின் முதுகு வளைவும் ஒரே கோட்டின் இரண்டு துண்டு மாதிரி அமைந்திருக்கின்றன. மேட்டின் சரிவும் அதையே ஒத்துப் போகிறது. கண் ஒரு வளைவிலிருந்து அடுத்ததற்கு நகரும்போது கனம் தானாக வந்து சேர்ந்துவிடுகிறது. அடுத்தது வெளிச்சம். பனித் தரை வெள்ளை இல்லை, அழுக்குச் சாம்பல். படத்திலேயே பிரகாசமான இடம் தொடுவானத்துப் பக்கம் இருக்கும் மங்கலான மஞ்சள் வானம். வெளிச்சம் எதிரே, ஆட்கள் இருட்டில். முகம் எழுத வேண்டிய தேவையே எழவில்லை. மூன்றாவது, தோள். தோள் இரண்டும் முன்னால் விழுந்திருப்பதால் கழுத்து இல்லாத மாதிரித் தெரிகிறது. அழுகிற முகத்தை எழுதியிருந்தால் பார்க்கிறவர் முகத்தைப் பார்த்து 'ஐயோ பாவம்' சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்.

இதே சூத்திரத்தை 1868-இல் 'ஊர் எல்லையில் கடைசிச் சாராயக்கடை' படத்தில் இன்னும் இறுக்கிப் பிடித்தார். கடை ஜன்னல்களில் விளக்கு எரிகிறது. வெளியே அந்திக் குளிரில் வண்டி நிற்கிறது. வண்டியில் ஒரு பெண் போர்த்திக்கொண்டு காத்திருக்கிறாள். குடிக்கிறவர்களை அவர் காட்டவே இல்லை. சாயங்கால நேரத்தில் கடைக்கு வெளியே பைக் பக்கத்தில் குழந்தையோடு நிற்கிற பெண்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படத்துக்கு உரை தேவைப்படாது.

முகத்தை எதிர்கொண்ட படமும் உண்டு. 1866-இல் வந்த 'த்ரோய்கா', 123.5க்கு 167.5 சென்டிமீட்டர், பெரிய துணி. த்ரோய்கா என்றால் மூன்று குதிரை பூட்டிய வண்டி. இங்கே குதிரைக்குப் பதில் மூன்று பிள்ளைகள், பட்டறை எடுபிடிகள். பனிக்கட்டி தொங்கும் தண்ணீர்ப் பீப்பாயைக் கயிறு போட்டு இழுத்து நம்மை நோக்கி வருகிறார்கள். பின்னால் பெரியவர் ஒருவர் தள்ளுகிறார். ஒரு பக்கம் மடத்தின் நீண்ட மதில்.

நடுப் பையனுக்கு ஆள் கிடைக்காமல் அந்த இடம் பல நாள் காலியாகக் கிடந்தது. ஏப்ரல் கடைசியில் ஒருநாள் யாத்திரை போகும் கிராமத்து ஜனங்களுக்கிடையே தாயும் மகனும் கண்ணில் பட்டார்கள். படம் எழுதினால் பிள்ளை இளைத்துச் செத்துப்போகும் என்று அந்தத் தாய் பயந்தாள். 'கண்ணு பட்டுடும்' என்று நம் கரையில் ஆச்சிமார் சொல்வார்களே, அதே பயம். ராஜாக்களும் ஆயர்களும்கூடத் தங்களை எழுதிக்கொள்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னபிறகு சம்மதித்தாள். சில வருஷம் கழித்து அவள் தனியாக வந்தாள். பையன் அம்மையில் இறந்துவிட்டான். இருந்ததையெல்லாம் விற்று அந்தப் படத்தை வாங்கிப் போகக் காசோடு வந்திருந்தாள். படம் திரெத்தியாகோவிடம் போய்ச் சேர்ந்திருந்தது. பெரோவ் அவளை அங்கே கூட்டிப்போனார்; அவள் படத்துக்கு முன் மண்டியிட்டு வேண்டிக்கொண்டாள். பின்னர் அந்தப் பையனைத் தனியாக எழுதி அவளுக்கு அனுப்பிவைத்தார். இதையெல்லாம் அவரே 'மரியா அத்தை' என்ற தலைப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஆளை உட்கார வைத்து வரைகிற எவரும் முதலில் படிக்க வேண்டிய எழுத்து அது.

1870-இல் ஊர் ஊராகப் படங்களைக் கொண்டுபோய்க் காட்டும் ஓவியர்களின் நடமாடும் கண்காட்சிச் சங்கம் அமைந்தபோது தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1871-இல் நடந்த முதல் கண்காட்சியில் 'வேட்டைக்காரர்களின் ஓய்வு', 'மீன்பிடிப்பவர்' இரண்டும் இருந்தன. பின்னதில் ஒரு பெரியவர் முழங்காலில் கையூன்றித் தூண்டில் மிதவையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த ஊர் நகரத்தாருக்கு மீன்பிடிப்பு பொழுதுபோக்கு. தங்கச்சிமடத்துக்காரர் பார்த்தால் சிரித்துவிடுவார். கைத்திறமை நிறைய உண்டு, கனம் குறைவு. கடைசிக் காலத்தில் எடுத்துக்கொண்ட பெரிய சரித்திரப் படங்கள் இன்னும் பலவீனம். கண்ணால் பார்க்காததை அவரால் எழுத முடிந்ததில்லை. உருவப்படம் வேறு விஷயம். 1872-இல் எழுதிய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியின் படத்தை இன்றைக்கும் தாண்ட ஆள் இல்லை. முழங்காலைக் கட்டிக்கொண்ட அந்தக் கைகளே முக்கால் கதையைச் சொல்கின்றன.

தான் படித்த மாஸ்கோ பள்ளியிலேயே 1871 முதல் 1882-இல் காசநோயில் இறக்கும்வரை ஆளைப் பார்த்து வரையும் வகுப்பை நடத்தினார். நெஸ்தெரோவ், கசாத்கின், ஆர்கிப்போவ், ரியாபுஷ்கின் எல்லாம் அந்த வகுப்பிலிருந்து வந்தவர்கள். கசாத்கின் பின்னாளில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் போய்ச் சுரங்கத் தொழிலாளிகளை வரைந்தார். ஆர்கிப்போவ் நீராவி மண்டிய அறையில் துணி துவைக்கும் பெண்களை எழுதினார். வாத்தியார் பாணியை இரண்டு பேரும் நகலெடுக்கவில்லை. ஆனால் வேலை நடக்கிற இடத்துக்குப் போய் நிற்கிற பழக்கம் அங்கேயிருந்து வந்ததுதான்.

நம் பக்கத்தில் இதற்கு முன்னோடி இல்லையா என்று கேட்டால், ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்தைக் காட்டுவார்கள். 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சுவரோவியங்கள். ராமாயணம், பாகவதத்தோடு சேதுபதியின் போர், ஐரோப்பியர்களைச் சந்திப்பது, அந்தப்புரப் பொழுது எல்லாம் இருக்கின்றன. நடப்பு வாழ்க்கைதான், ஆனால் ராஜாவின் வாழ்க்கை. அங்கே முக்கியமான ஆள் பெரியதாக இருப்பார். பெரோவ் படத்தில் முக்கியமான ஆள் அளவில் பெரிதாக இருக்க வேண்டியதில்லை; வெளிச்சம் எங்கே, கோடு எங்கே போய் முடிகிறது என்பதை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டும். உழைக்கும் உடம்பின் கனத்தைத் தமிழ்நாட்டில் பார்க்க வேண்டுமென்றால் சென்னை மெரினாவின் உழைப்பாளர் சிலை இருக்கிறது. 1929 முதல் 1957 வரை சென்னை ஓவியப் பள்ளி முதல்வராக இருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்தது. பாறையைப் புரட்டும் நாலு பேரையும் பின்பக்கமாகச் சுற்றிவந்து பாருங்கள். முன்பக்கத்தைவிடப் பாடம் அங்கேதான் அதிகம்.

சரி, கரைவலையை எப்படி எழுதுவது?

முதலில் எந்தக் கடல், எந்தக் காற்று என்று தீர்மானிக்க வேண்டும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கொந்தளிப்பாக இருக்கும்; வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், அடங்கியிருக்கும். வாடைக் காலத்தில் தலைகீழ். கரைவலைப் பாடும், அதாவது வலை இழுக்கிற இடமும், அதற்கேற்ப மாறும். ஓவியருக்கு இதில் வெளிச்சக் கணக்கு இருக்கிறது. வடகரையில் இழுக்கிறவர் வடக்கே பார்த்து நிற்பார்; காலையும் மாலையும் பக்கவாட்டு வெளிச்சம் விழும், முதுகுத் தசை ஒவ்வொன்றும் தெரியும். வாடைக் காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். தென்கரையில் தெற்கு நோக்கி நிற்கிறவரின் முதுகு நமக்கு நிழலில் இருக்கும், தோள் விளிம்பில் மட்டும் ஒளிக் கோடு ஓடும். 1865-ஆம் வருஷப் படத்து வெளிச்சம் இதுதான், குளிர் மட்டும் குறைவு. முதல் படத்துக்கு மார்கழி, தை மாதத் தென்கரையே நல்லது. தசையை எழுதும் திறமை இன்னும் வராதவரை நிழல் காப்பாற்றும்.

அடுத்தது கண்மட்டம். நின்றபடி வரைந்தால் தொடுவானம் இழுக்கிறவர்களின் தலைக்குப் பக்கத்தில் வந்து, தலைகளெல்லாம் கடல் கோட்டில் குத்தி நிற்கும். மணலில் சம்மணம் போட்டு உட்காருங்கள். கண் உயரம் முக்கால் மீட்டருக்கு இறங்கிவிடும். சமதரையில் நிற்கிற எல்லாரையும், பக்கத்தில் நிற்பவரோ தூரத்தில் நிற்பவரோ, தொடுவானம் ஒரே உயரத்தில், ஏறக்குறைய தொடை மட்டத்தில் வெட்டும். முதுகு முழுக்க வானத்தின் மேல் விழும். இங்கேதான் மாணவர்கள் தவறுவது: தூரத்து ஆளைச் சிறியதாக்கிக் கடல் கோட்டுக்குக் கீழே தள்ளிவிடுகிறார்கள், ஆள் குழிக்குள் நிற்பதுபோல் ஆகிவிடும். தண்ணீர் ஓரத்துச் சரிவில் இறங்கி நிற்பவரை மட்டும் கொஞ்சம் கீழே இறக்கலாம்.

இழுப்பு வருவதற்குத் தூக்குக்குண்டு வேண்டும். ஒரு நூலில் சின்னக் கல்லைக் கட்டினால் போதும். சும்மா நிற்கிறவரின் பிடரியிலிருந்து தொங்கவிட்டால் நூல் பாதங்களுக்கிடையே விழும். இழுக்கிறவருக்கு அது குதிகாலைத் தாண்டி நம் பக்கம் விழும். கயிறு அறுந்தால் மல்லாந்துவிடுவார் என்று பொருள். அந்த இடைவெளிதான் படத்தில் கனம். லோயர், ஹையர் ஓவியத் தேர்வுக்குப் பயின்றவர்கள் குடத்தையும் பெட்டியையும் நேராக நிறுத்திப் பழகியவர்கள். ஆளையும் நேராக நிறுத்திவிட்டுக் கையை மட்டும் நீட்டிவிடுவார்கள். இன்னொரு தவறு கயிறு. கையிலிருந்து அடுத்த கைவரை அது நேர்கோடு. வரிசையின் முதல் ஆளைத் தாண்டித் தண்ணீருக்குப் போகும் நீளத்தில்தான் லேசாகத் தொய்யும். கடைசி ஆளின் காலடியில் சுருண்டு கிடக்கும் கயிறு ஈரமாக, கறுத்து இருக்கும். த்ரோய்காவிலும் பிள்ளைகளின் மார்பில் பதிந்த கயிற்றைத் தளரவிட்டுப் பாருங்கள், பீப்பாய் காலியாகிவிடும்.

சாயம் ஐந்து ட்யூப் போதும்: எல்லோ ஆக்கர், ரா அம்பர், பர்ன்ட் சியென்னா, அல்ட்ரா மரைன், டைட்டேனியம் வெள்ளை. கறுப்பு வேண்டாம். வெயிலில் கறுத்த உடம்பின் நிழலுக்குக் கறுப்பைச் சேர்த்தால் சாம்பல் பூசியதுபோல் ஆகும். பர்ன்ட் சியென்னாவும் அல்ட்ரா மரைனும் கலந்தால் உயிருள்ள கருமை வரும். வேர்த்த முதுகில் தெரியும் பளபளப்பு வெள்ளை இல்லை, வானத்தின் நிறம். அல்ட்ரா மரைனில் வெள்ளை கலந்து நகக்கண் அளவுக்கு ஒன்றிரண்டு இடத்தில் வைத்தால் போதும். மணலை வெள்ளையாக எழுதாதீர்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் எதிர்வெயிலில் மணல் வானத்தைவிட ஒரு படி இருட்டாகத் தெரியும். பனியை வெள்ளையாக்காமல் பெரோவ் விட்டது எதற்கென்று அப்போது விளங்கும்.

துணிக்கு ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சு இரண்டு கோட், நடுவே உப்புத்தாள் தேய்ப்பு. அதன்மேல் ரா அம்பரை டர்பன்டைனில் தண்ணீர்போலக் கரைத்துப் பூசித் துடைத்துவிட வேண்டும். அம்பர் சீக்கிரம் காயும், அதனால் அடியில் இருக்கத் தகுந்தது. முதல் சாயத்துக்கு டர்பன்டைன் மட்டும். இரண்டாவதுக்கு டர்பன்டைன் இரண்டு பங்கு, ஆளிவிதை எண்ணெய் ஒரு பங்கு. கடைசிக்குச் சமபங்கு. வரிசையை மாற்றி எண்ணெய் அதிகமானதை அடியில் போட்டால் மேல் தோல் முதலில் காய்ந்து, அடி பிறகு நகர்ந்து, வருஷத்துக்குள் வெடிப்பு விடும்.

கடற்கரைக்கென்றே சில தொல்லைகள் உண்டு. இரவில் வெளியே வைத்த துணியில் உப்பு மெல்லியதாகப் படியும். அது ஈரத்தை இழுப்பதால் அடுத்த கோட் ஒட்டாமல் உரியும். நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த பருத்தித் துணியால் ஒற்றி, காயவிட்டு, பிறகு தீட்ட வேண்டும். இரும்பு ஆணி ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து ஓரத்துணியைத் தின்றுவிடும். துருவேறா ஸ்டேப்பிள் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் துணி தளர்ந்து தொங்கும். உடனே சட்டத்தின் மூலை ஆப்பை அடித்து இறுக்கினால் பங்குனி வெயிலில் துணி விண்ணென்று இழுத்துச் சாயம் கீறும். தை பிறக்கும்வரை தளர்வாகவே கிடக்கட்டும். சுவரோடு ஒட்டி மாட்டினால் பின்புறம் பூஞ்சை பிடிக்கும், இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

வரைகிற அன்றைக்கு வலை இழுத்து முடியும் முன் யாரையும் நிறுத்தி 'இப்படியே இருங்க அண்ணே' என்று சொல்லக் கூடாது. மீன் சேர்ந்திருக்கும் வலையின் மடி கரைக்கு வரும் நேரத்தில் ஒரு ஆள் கை எடுத்தாலும் மற்றவர்களுக்குத்தான் சுமை. குச்சிக்கரியில் இரண்டு நிமிஷக் கோட்டுப்படமாக இருபது, முப்பது போட்டு, சாய்வும் கயிறும் சரியாக வந்த மூன்றை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பங்கு பிரித்து முடிந்தபிறகு, விருப்பப்பட்டால், ஒருவரை அரை மணி நேரம் நிற்கக் கேட்கலாம். அதற்கு அன்றைய கூலிக் கணக்கில் காசு கொடுக்க வேண்டும்.

படம் முடிந்ததாகத் தோன்றினால் அதைத் திரும்ப வலை இழுக்கிற இடத்துக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். முகம் யாருக்கும் எழுதவில்லை, ஆனாலும் இது இன்னார் முதுகு என்று சொல்லிவிடுவார்கள். எந்தக் கை முன்னால் பிடிக்க வேண்டும், கயிறு இடுப்புக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்றும் சொல்வார்கள். அதைத் திருத்துங்கள். வார்னிஷ் ஆறு மாசம் கழித்து.